பூட் ஆகும்போது திரை ஏன் மின்னி மின்னி அணைகிறது? அந்த லோகோ எதற்கு?

கேள்வி இதுதான்: லேப்டாப்பை ஆன் செய்தால் முதலில் தயாரித்த கம்பெனியின் லோகோ வருகிறது, அப்புறம் ஒரு நொடி கறுப்பு, அப்புறம் உபுண்டுவின் சுற்றும் வட்டம், மறுபடி கறுப்பு, அதற்கப்புறம்தான் லாகின். இந்த ஸ்பிளாஷ் ஸ்கிரீன் வெறும் அலங்காரம்தானே, எடுத்துவிட்டால் சீக்கிரம் பூட் ஆகாதா?

ஆகாது. எடுத்துப் பார்த்தவர்கள் நிறைய பேர், நானும்தான். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அலங்காரம் என்ற பகுதியும் பாதிதான் சரி. அந்தப் படம் அலங்காரம், ஆனால் அந்தப் படத்தைக் காட்டுகிற நிரல் பூட் நேரத்தில் உங்களோடு பேசுகிற ஆள். டிஸ்க் கடவுச்சொல்லைக் கேட்பது, டிஸ்க் சோதனை எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்வது, அப்டேட் நடக்கிறது அணைத்துவிடாதே என்று எச்சரிப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். நடுவில் வரும் அந்தக் கறுப்புகள் வேறு விஷயம். அவற்றைப் புரிந்துகொண்டால் ஸ்பிளாஷ் என்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியும், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து லாகின் வரும்வரை அந்த ஒரே திரை நாலைந்து கை மாறுகிறது. முதல் சொந்தக்காரர் மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். இப்போதைய கணினிகளில் அது யூஇஎஃப்ஐ. அது கிராஃபிக்ஸ் சிப்பை எழுப்பி, ஒரு ரெசல்யூஷனை அமைத்து, கம்பெனி லோகோவை வரைகிறது. அடுத்து கிரப் பூட்லோடர் வந்து, ஒளிந்திருந்தாலும் சரி மெனு காட்டினாலும் சரி, ஓஎஸ்ஸின் மையமான கெர்னலை ஏற்றிவிட்டு விலகுகிறது. கெர்னலுக்குத் தொடக்கத்தில் உங்கள் கிராஃபிக்ஸ் சிப்பின் உண்மையான டிரைவர் கிடையாது. 'இந்த மெமரி முகவரியில் எழுதினால் திரையில் தெரியும்' என்று ஃபர்ம்வேர் சொல்லிவிட்டுப் போன இடத்தில்தான் அது எழுதுகிறது. கொஞ்ச நேரம் கழித்து இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று அந்தந்தச் சிப்புக்கான டிரைவர் ஏறுகிறது. அதன் மேல் உட்கார்ந்து ஸ்பிளாஷ் வரைகிறது. கடைசியில் லாகின் திரையைக் காட்டும் நிரல் வந்து வாங்கிக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் திரையின் ரெசல்யூஷனையும் படத்தையும் மாற்றலாம் என்பது கெர்னலின் விதி. புதிதாகக் குடிவருபவர் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுத் தன் பங்குக்கு ஒருமுறை வெள்ளை அடிப்பது போல, ஒவ்வொருவரும் வந்ததும் திரையை அணைத்து, தனக்கு வேண்டிய மாதிரி அமைத்து, மறுபடி ஏற்றினால் நீங்கள் பார்க்கிற அந்தக் கறுப்பு வரும். கைமாறும் இடம் எல்லாம் ஒரு மின்னல்.

பழைய காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை, ஏனென்றால் எல்லாரும் விஜிஏ என்ற ஒரே பொது வன்பொருள் விதியை நேரடியாகப் பிடித்து ஆட்டினார்கள். விண்டோஸ் 95-இன் நீல வானம், மேகம், நடுவில் கொடி, கீழே ஓடுகிற பட்டை நினைவிருக்கும். அந்தப் பட்டை ஓடுவதைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள், அங்கே எதுவுமே ஓடவில்லை. படம் 256 நிறங்கள் கொண்டது. ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது நிறம் அல்ல, 0 முதல் 255 வரை ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனியாக ஓர் அட்டவணையில் இருக்கிறது. பட்டையில் உள்ள புள்ளிகளுக்கு அந்த அட்டவணையில் சில எண்களை ஒதுக்கிவிட்டு, அட்டவணையில் மட்டும் நிறங்களை ஒரு இடம் ஒரு இடமாகச் சுழற்றினார்கள். படத்தின் ஒரு புள்ளியைக்கூடத் திரும்ப எழுதவில்லை, ஆனால் கண்ணுக்குப் பட்டை நகர்கிறது. பின்னணியில் டாஸ் பக்கத்து வேலைகள் எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது சில பைட்டுகளை மாற்றி அனிமேஷன் காட்டுவது என்பது அந்தக் காலத்து வேகத்துக்கு எவ்வளவு பொருத்தமான தந்திரம்! எனக்கு இன்றும் மிகவும் பிடித்த தந்திரம் அது.

அந்தப் படத்தை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. சி டிரைவின் முதல் மட்டத்தில் லோகோ.சிஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்தால் உள்ளே இருக்கும் படத்துக்குப் பதில் அது வரும். பெயர்தான் சிஸ், உள்ளே இருப்பது சாதாரண பிஎம்பி படம். அளவு 320×400. அதாவது அகலத்தைவிட உயரம் அதிகம். திரையில் காட்டும்போது அது அகலவாக்கில் இழுபடும், அதனால் அகலமாக வரைந்துவிட்டு 320-க்கு நெருக்கிச் சேமிக்க வேண்டும். 320×400 பெருக்கினால் 1,28,000 பைட், நிற அட்டவணைக்கு 1,024, தலைப்புக்கு 54, ஆக 1,29,078 பைட். இந்த அளவு சரியாக வராத கோப்பு என்றால் எங்கோ தவறாகச் சேமித்திருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடலாம். அணைக்கும்போது 'இப்போது கணினியை அணைக்கலாம்' என்று ஆரஞ்சு எழுத்தில் வந்த திரையும் இதே வகைக் கோப்புதான், அது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தது. இன்னொன்று: அந்த மேகப் படம் வரும்போது எஸ்கேப் பொத்தானை அழுத்தினால் படம் விலகி, பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற டாஸ் எழுத்துகள் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருகிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பியில் கறுப்புப் பின்னணி, நடுவில் லோகோ, கீழே மூன்று நீலக் கட்டங்கள். அழகாக இருந்தாலும் அது 640×480 அளவில் வெறும் 16 நிறத்தில் வரைந்தது. எந்தக் கார்டு செருகியிருந்தாலும் நிச்சயம் வேலை செய்யக்கூடிய விஜிஏ முறை அது என்பதால் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். படம் கெர்னல் கோப்புக்குள்ளேயே புதைந்திருந்ததால் அதை மாற்ற வேண்டும் என்றால் கெர்னலையே வெட்டி ஒட்ட வேண்டும். அப்படியும் நிறைய பேர் செய்தார்கள். ஒரு லோகோவுக்காக அந்த ஆபத்து எடுத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

சரி, உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றுக்கு அடிப்படையான லினக்ஸுக்கு வருவோம். ஆரம்பத்தில் ஸ்பிளாஷ் என்ற ஒன்றே கிடையாது. எழுத்துகள் ஓடும், மேலே இடது மூலையில் லினக்ஸின் சின்னமான டக்ஸ் பென்குயின் உட்கார்ந்திருக்கும். 80×80 புள்ளி அளவுள்ள படம், 224 நிறம். உங்கள் கணினியில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை பென்குயின் வரிசையாக நிற்கும், இது விளையாட்டுக்கு அல்ல, கெர்னல் எத்தனை பிராசசரைக் கண்டுபிடித்தது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடும். 2009-இல் 2.6.29 கெர்னலில் மட்டும் டக்ஸுக்குப் பதில், பென்குயின் அலகை மாட்டிக்கொண்ட டாஸ்மேனியன் டெவில் என்ற ஆஸ்திரேலிய விலங்கின் படம் வந்தது. அந்த விலங்கு ஒரு புற்றுநோயால் அழிந்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனப்படுத்த அப்படிச் செய்தார்கள். ராஸ்பெர்ரி பையில் இப்போதும் நாலு கோருக்கு நாலு ராஸ்பெர்ரி பழம் தெரிவது இதே வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

எழுத்துக்குப் பதில் படம் வேண்டும் என்று ஆசைப்பட்டதும் ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூஷனும், அதாவது லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் ஒவ்வொரு வகையும், ஒவ்வொரு வழியில் போனது. சூசே பக்கம் பூட்ஸ்பிளாஷ் என்று கெர்னலுக்கே ஒரு ஒட்டு போட்டார்கள். ஜேபெக் படத்தைப் பிரிக்கிற நிரலைக் கெர்னலுக்குள் கொண்டுபோய் வைத்தது அது. ஒரு லோகோவைக் காட்டுவதற்காகப் படம் பிரிக்கிற வேலையைக் கெர்னலுக்குள் வைப்பது சரியான இடம் அல்ல, அதனால் அது பிரதான கெர்னலில் சேரவே இல்லை. ரெட்ஹேட் பக்கம் ஆர்எச்ஜிபி என்று வேறு வழி: லினக்ஸில் ஜன்னல்களையும் படங்களையும் திரையில் வரைகிற எக்ஸ் சர்வரையே பூட் நடுவில் முழுதாக ஓட்டி அதன் மேல் படம் காட்டுவது. எக்ஸ் ஓட வேண்டும் என்றால் டிஸ்க் ஏறியிருக்க வேண்டும், அதனால் பாதி பூட் முடிந்த பிறகுதான் படமே வரும். அது முடிந்ததும் அந்த எக்ஸை மூடிவிட்டு லாகினுக்கு இன்னொரு எக்ஸ். இரண்டு முறை திரை அணைந்து எழும். உபுண்டு 2005-இல் யூஸ்பிளாஷ் கொண்டுவந்தது. அது சீக்கிரம் வந்தது, ஆனால் தொடக்கத்தில் 16 நிறத்தில்தான்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நோய் ஒன்றே. திரையின் ரெசல்யூஷனை அமைக்கிற வேலை கெர்னலிடம் இல்லை, எக்ஸ் சர்வரிடம் இருந்தது. கெர்னல் எழுத்து முறையில் இருக்கும், எக்ஸ் வந்து வன்பொருளைப் பிடித்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றும், இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. அந்த வேலையைக் கெர்னலுக்குள்ளேயே கொண்டுவந்ததுதான் கேஎம்எஸ், அதாவது கெர்னலே மோடை அமைப்பது. இன்டெல் சிப்புகளுக்கு அது பிரதான கெர்னலில் வந்தது 2009 மார்ச்சில், மேலே சொன்ன அதே 2.6.29-இல். அதற்குச் சில மாதம் முன்பே, 2008 நவம்பரில் வந்த ஃபெடோரா 10, ஏஎம்டியின் ரேடியான் கார்டுகள் சிலவற்றில் இதைத் தன் கெர்னலில் சேர்த்து வெளியிட்டுவிட்டது, அதோடு சேர்ந்து வந்ததுதான் பிளிமத். ரெட்ஹேட்டின் ரே ஸ்ட்ரோட் எழுதியது. எக்ஸ் வேண்டாம், டிஸ்க் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். கெர்னலோடு சேர்ந்து முதலில் மெமரிக்குள் ஏறுகிற சின்ன கோப்புக் கட்டுக்குள்ளேயே, அதாவது இனிட்ராம்எஃப்எஸ்-க்குள்ளேயே, அது உட்கார்ந்திருக்கும், கெர்னல் திரையைக் கொடுத்ததும் முழு ரெசல்யூஷனில் வரையும். 2010 ஏப்ரலில் உபுண்டு 10.04 பிளிமத்துக்கு மாறியது. அன்று என்விடியாவின் மூடிய டிரைவர் போட்டிருந்தவர்களுக்குக் கேஎம்எஸ் கிடையாது என்பதால் கொழகொழவென்று பெரிய எழுத்தில் மங்கலான ஒரு திரை வந்தது, அதைத் திருத்துவது எப்படி என்று தேடித் திரிந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தோம். இன்றும் ஃபெடோராவின் பூட் வரியில் 'ஆர்எச்ஜிபி குவைட்' என்று இரண்டு வார்த்தை இருக்கும். அந்தப் பழைய நிரல் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் பிளிமத்தை எழுப்பும் சொல்லாக நிலைத்துவிட்டது.

இப்போது உங்கள் லேப்டாப்பில் வரும் முதல் கறுப்புக்கு வருகிறேன். அதைப் போக்குவதற்கு ஃபெடோராவில் ஹான்ஸ் டி கூடா என்பவர் செய்த வேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இத்தனை சின்ன எரிச்சலுக்காக ஒருவர் இத்தனை இடங்களில் பொறுமையாகக் கைவைத்தது அபூர்வம். கிரப் மெனுவை ஒளித்தார்கள், அது 2018-இல் ஃபெடோரா 29. கெர்னல் எழுத்துத் திரை, எழுதுவதற்கு எதுவும் இல்லாதபோதும் வந்தவுடன் திரையைத் துடைத்துவிடும் பழக்கம் கொண்டது. 'முதல் எழுத்து எழுத வேண்டி வரும்வரை திரையைத் தொடாதே' என்று அதை மாற்றினார், அது 4.19 கெர்னலில் சேர்ந்தது. அப்புறம் இன்டெல் டிரைவர். ஃபர்ம்வேர் ஏற்கெனவே சரியான ரெசல்யூஷனில்தான் திரையை வைத்திருக்கிறது, அதை அணைத்து மறுபடி அதே ரெசல்யூஷனில் ஏற்றுவது வீண். அதனால் வன்பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று படித்துப் பார்த்து, அதே நிலையை, அதே படம் இருக்கிற மெமரியோடு அப்படியே எடுத்துக்கொள்ளும் முறை ஏற்கெனவே இருந்தது. அதைச் சோதித்து 2019-இல் ஸ்கைலேக்கும் அதற்குப் பிந்தைய சிப்புகளும் இருந்தால் தானாகவே நடக்கும்படி செய்தார்கள். இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஃபெடோரா 30-இல் மின்னாத பூட் வழக்கமானது. உபுண்டுவில் 20.04.

ஆனால் கம்பெனி லோகோ கலையாமல் இருந்தால் மட்டும் போதாது, அதன் மேல் பிளிமத் தன் வட்டத்தை வரைய வேண்டும், லோகோ எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். இங்கேதான் பிஜிஆர்டி என்ற அட்டவணை உதவுகிறது. ஃபர்ம்வேர் ஓஎஸ்ஸுக்குத் தகவல் சொல்லும் முறையை வகுக்கும் ஏசிபிஐ என்ற தரத்தின் 5.0 பதிப்போடு, விண்டோஸ் 8 காலத்தில் வந்தது. ஃபர்ம்வேர் தான் வரைந்த லோகோவின் படம் மெமரியில் எங்கே இருக்கிறது, திரையில் இடமிருந்து எத்தனை புள்ளி, மேலிருந்து எத்தனை புள்ளி தள்ளி வரைந்தேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போகும். விண்டோஸ் அதை வைத்துக்கொண்டுதான் கம்பெனி லோகோவை அப்படியே விட்டுவிட்டுக் கீழே சுற்றும் புள்ளிகளை வரைகிறது. லினக்ஸிலும் இதை நீங்களே பார்க்கலாம். சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் பிஜிஆர்டி என்று போனால் 'இமேஜ்' என்று ஒரு கோப்பு இருக்கும். ரூட் (நிர்வாகி) உரிமையோடு அதை வெளியே நகலெடுத்துப் படம் பார்க்கும் நிரலில் திறந்தால் உங்கள் லேப்டாப் கம்பெனியின் லோகோ சாதாரண பிஎம்பி படமாக விரியும். பக்கத்திலேயே எக்ஸ் ஆஃப்செட், ஒய் ஆஃப்செட் என்று இரண்டு சின்ன கோப்புகள், உள்ளே ஓர் எண் மட்டும். முதல்முறை அதைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சாதாரணமானது அல்ல. பவர் பொத்தான் அழுத்தியவுடன் ஃபர்ம்வேர் வரைந்த படம், இத்தனை கை மாறிய பிறகும் மெமரியில் அப்படியே இருக்கிறது.

லோகோவின் மையம் திரையின் மேல் விளிம்பிலிருந்து 38.2 சதவீதத்தில் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கம்பெனிகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. பொன் விகிதத்திலிருந்து வந்த எண் அது. பிளிமத்தின் பிஜிஆர்டி தீமைத் திறந்தால் கடவுச்சொல் பெட்டியின் இடத்துக்கும் அதே .382 என்ற எண்தான் எழுதியிருக்கும்.

முன்னேற்றப் பட்டை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதை நம்பி மக்கள் தவறான முடிவு எடுக்கிறார்கள். விண்டோஸ் 95-இன் பட்டைக்கும் எக்ஸ்பியின் நீலக் கட்டங்களுக்கும் பூட் எவ்வளவு முடிந்தது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, உயிர் இருக்கிறது என்று காட்டுவது மட்டுமே அவற்றின் வேலை. ஆண்ட்ராய்டு போனிலும் அப்படித்தான். பூட் அனிமேஷன் என்பது ஒரு ஜிப் கோப்பு, உள்ளே வரிசையாகப் படங்கள், ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் அகலம், உயரம், நொடிக்கு எத்தனை படம், எந்தத் தொகுப்பை எத்தனை முறை ஓட்ட வேண்டும் என்று இருக்கும். கடைசித் தொகுப்புக்கு 0 என்று எழுதியிருப்பார்கள். பூட் முடியும்வரை திரும்பத் திரும்ப ஓடு என்று அர்த்தம். பிளிமத் மட்டும் கொஞ்சம் முயற்சி செய்கிறது. போன முறை பூட் ஆக எவ்வளவு நேரம் ஆனது, எந்தெந்தச் சேவை எந்த நேரத்தில் எழுந்தது என்று டிஸ்கில் குறித்துவைத்துக்கொண்டு, இந்த முறை அதை ஒப்பிட்டுப் பட்டையை நகர்த்துகிறது. அதாவது நீங்கள் பார்ப்பது நேற்றைய பூட்டை வைத்துப் போட்ட கணக்கு. பெரிய அப்டேட்டுக்கு அடுத்த நாள் பட்டை கடைசிப் பக்கம் போய் நின்றுவிட்டால் கணினி தொங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை, நேற்றைவிட இன்று வேலை அதிகம், அவ்வளவுதான். பவரை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாதீர்கள்.

அதற்குப் பதில் எஸ்கேப் அழுத்துங்கள். முன்பு சொன்ன விண்டோஸ் 95 பொத்தான் இங்கேயும் அதே வேலையைச் செய்கிறது. படம் விலகி எழுத்துகள் தெரியும், மறுபடி அழுத்தினால் படம் வரும். என் அக்கா வீட்டு டெஸ்க்டாப்பில் ஒரு தடவை இப்படி ஆனது. நான் போட்டுக்கொடுத்த லினக்ஸ், நன்றாக இருபது நொடியில் எழுந்துகொண்டிருந்தது, திடீரென்று இரண்டு நிமிடம் வரை வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. டிஸ்க் போய்விட்டது போல, புதிது வாங்கிவிடலாமா என்று போனில் கேட்டாள். வட்டம் சுற்றும்போது எஸ்கேப் அழுத்து, கடைசி வரியை அப்படியே படி என்றேன். ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று ஆரம்பித்து, ஒரு நீளமான டிஸ்க் எண், பக்கத்தில் நொடிகள் ஓட, அதற்கு எதிரே 1 நிமிடம் 30 நொடி என்று படித்தாள். அப்போதே புரிந்துவிட்டது. அவள் பையன் படிப்புக்காக இன்னொரு லினக்ஸைப் பக்கத்துப் பார்ட்டிஷனில் போட்டிருந்தான். அது போகிற போக்கில், மெமரி போதாதபோது பயன்படும் ஸ்வாப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்து புது எண் கொடுத்துவிட்டது. பழைய லினக்ஸ் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு, பூட்டில் சேவைகளை எழுப்பும் நிரலான சிஸ்டம்டியின் வழக்கமான 90 நொடிக் கெடு முடியும்வரை காத்திருந்துவிட்டு, இல்லை என்று முடிவு செய்து மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு வரியில் எண்ணை மாற்றியதும் பழையபடி இருபது நொடி. டிஸ்க் வாங்கவில்லை. படம் நல்லது, ஆனால் படத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு பொத்தான் இருக்க வேண்டும், அந்தப் பொத்தான் இருக்கிறது என்று பயன்படுத்துபவருக்குத் தெரியவும் வேண்டும். நான் பார்த்த எந்தத் தீமும் அதைத் திரையில் எழுதிக் காட்டுவதில்லை என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே வருத்தம்.

வேகம் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். பூட் நேரத்தை அளக்கும் சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையில் 'பிளேம்' போட்டுப் பார்த்தால் பட்டியலின் உச்சியில் 'பிளிமத்-குவிட்-வெயிட்' என்று பத்து நொடிக்கு மேல் நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பிளிமத்தான் பூட்டை இழுக்கிறது என்று தூக்கி எறிந்தவர்கள் நிறைய. அது செய்கிற வேலை, ஸ்பிளாஷ் மூடும்வரை காத்திருப்பது மட்டுமே. மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் கணக்கில் விழுகிறது. சொல்லப்போனால் ஸ்பிளாஷோடு சேர்ந்து வரும் 'குவைட்' என்ற சொல்லை எடுத்தால் கொஞ்சம் மெதுவாகக்கூட ஆகலாம், ஏனென்றால் ஆயிரக்கணக்கான வரிகளைப் பெரிய திரையில் எழுதி ஒவ்வொரு வரிக்கும் முழுத் திரையை மேலே தள்ளுவது கெர்னலுக்குச் செலவுதான்.

இன்னொரு விஷயம், தமிழில் ஸ்பிளாஷ் செய்ய நினைப்பவர்களுக்கு. கெர்னலின் எழுத்துத் திரையில் தமிழ் வராது. அதில் ஒரே நேரத்தில் 256 அல்லது 512 எழுத்து வடிவங்கள்தான், அதுவும் ஒரு கட்டத்துக்கு ஒன்று என்று வரிசையாக, கொம்பு முன்னால் போக வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பிளிமத்தில் வரும், ஆனால் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து அடுக்கத் தெரிந்த பேங்கோ வழியாக எழுத்து வரையும் பிளகின் இருக்க வேண்டும், தமிழ் எழுத்துரு அந்த இனிட்ராம்எஃப்எஸ் கட்டுக்குள் ஏறியிருக்க வேண்டும். எழுத்துரு ஏறவில்லை என்றால் கட்டம் கட்டமாக வரும். ஃப்ரீடைப்பை மட்டும் நம்பும் எளிய பிளகின் இருந்தால் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடும், 'கடவுச்சொல்' என்ற சொல்லில் ச முன்னால் நிற்க, கொம்பும் காலும் ஜோடியாகப் பின்னால் போய் நிற்கும். நான் செய்த தீமில் இதற்குப் பட்டுத் தெளிந்து, கடைசியில் வாசகங்களை எல்லாம் முன்கூட்டியே பிஎன்ஜி படமாக வரைந்து சேர்த்துவிட்டேன். எந்தக் கணினியில் போட்டாலும் உடையவில்லை. மாறாத வாசகம் என்றால் அதுதான் பாதுகாப்பான வழி.

சரி, உங்கள் கணினிக்கு என்ன செய்யலாம்? முதல் கறுப்பு கம்பெனி லோகோவுக்கும் வட்டத்துக்கும் நடுவில் வருகிறது என்கிறீர்கள். இன்டெல் கிராஃபிக்ஸ், புது உபுண்டு என்றால் அது இருக்கக் கூடாது. என்விடியா கார்டு இருந்தால், அந்த டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் இல்லாமல் தாமதமாக ஏறுகிறது என்று சந்தேகப்படுங்கள். என்விடியா-டிஆர்எம் மாட்யூலுக்கு மோட்செட் மதிப்பு 1 என்று கொடுத்து, மாட்யூலைக் கட்டுக்குள் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்-ஐத் திரும்பக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். இரண்டாவது கறுப்பு, பிளிமத் லாகின் திரையிடம் கொடுக்கும் இடம். உங்கள் லாகின் நிரல் ஜிடிஎம் என்றால் பிளிமத் தன் கடைசிப் படத்தை அழிக்காமல் விட்டுவிட்டுப் போகும், அது வந்து அதன் மேலிருந்து தொடரும். வேறு லாகின் நிரல் போட்டிருந்தால் இந்த ஒத்துழைப்பு இல்லாமல் இருக்கலாம், அப்போது அந்த ஒரு மின்னலைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் பிறகும் படமே வேண்டாம் என்றால் பிளிமத்தை நீக்காதீர்கள், டிஸ்கை என்கிரிப்ட் செய்திருந்தால் கடவுச்சொல் கேட்கிற இடத்தில் அது உதவும். கேப்ஸ்லாக் போட்டிருக்கிறதா, எந்த விசைப்பலகை அமைப்பில் இருக்கிறீர்கள் என்றுகூடச் சின்ன படமாகக் காட்டுகிறது. கிரப் அமைப்புக் கோப்பில் 'குவைட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும் வரியில் ஸ்பிளாஷை மட்டும் எடுத்துவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். பிளிமத் இருக்கும், படத்துக்குப் பதில் எழுத்து காட்டும். ஆனால் அதற்கு முன்னால் நாளைக் காலையில் கணினியை ஆன் செய்யும்போது ஒருமுறை எஸ்கேப் அழுத்திப் பாருங்கள், எந்த வரியில் வந்து நிற்கிறது என்று சொன்னால் மேற்கொண்டு பார்க்கலாம்.